சோற்றின் பங்கும் வீட்டின் பங்கும்

உடம்பின் பருமனைக் குறைத்தே தீர வேண்டும் என்னும் சங்கல்பம் நம் வீடுகளில் பெரும்பாலும் இரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து வரும் ஒரு காகிதத்தோடு பிறக்கிறது. சர்க்கரையின் அளவு எல்லையைத் தொட்டுவிட்டது என்றோ, கல்லீரலில் கொழுப்புப் படிந்திருக்கிறது என்றோ, முழங்கால் வலிக்கு உடலின் பாரமே காரணம் என்றோ வைத்தியர் சொல்லக் கேட்டு வீடு திரும்பியவர், மறுநாள் காலை முதலே இட்லியை ஒதுக்கி, மத்தியானச் சோற்றைப் பாதிக்கும் கீழே குறைத்து, இரவு ஆகாரத்தை அடியோடு நிறுத்தி, வெந்நீரில் எலுமிச்சைச் சாறும் தேனும் கலந்து பருகி, தம் தேகத்தின்மீது ஒரு கடுந்தவத்தைத் தொடங்கிவிடுகிறார். அவருடைய மனவுறுதியில் குறையொன்றும் இல்லை. அந்த உறுதியை நான் மனப்பூர்வமாக மதிக்கிறேன். ஆனால் அந்தத் தவம் மாதம் ஒன்று நிரம்புவதற்குள் கலைந்து, பழைய எடையோடு மனச்சோர்வையும் கூட்டிக்கொண்டு திரும்புவதை எத்தனையோ குடும்பங்களில் பார்த்த பிறகு, தொடக்கத்தில் எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது என்னும் கேள்வியை நாம் சற்று நிதானமாக ஆராய வேண்டும் என்று தோன்றுகிறது. எடைக் குறைப்பு தனியொருவருடைய விரதமாகத் தொடங்கினால் நிலைப்பது அரிது. வீட்டின் மளிகைப் பட்டியலிலும், பரிமாறும் முறையிலும், சமையற்கட்டின் வழக்கத்திலும் தொடங்கினால் நிலைக்கிறது. இதுவே என் திடமான அபிப்பிராயம்.

இது ஒரு சிலருடைய கவலை என்று இனிச் சொல்வதற்கில்லை. 2015-16ஆம் ஆண்டில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 சதவிகிதத்தினர் மிகை எடையோ பருமனோ உடையவர்களாகக் காணப்பட்டார்கள். 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த அடுத்த ஆய்வில் அந்த விகிதம் 40.4 ஆக உயர்ந்திருந்தது. ஆண்களிடையே அது 28.2 சதவிகிதத்திலிருந்து 37 சதவிகிதமாயிற்று. இவ்வளவு குறுகிய காலத்தில் இவ்வளவு பெரிய மாறுதல், மனிதர்களுடைய சுபாவம் திடீரென்று கெட்டுவிட்டதனால் நேர்ந்திருக்க முடியாது. உண்ணும் பொருளும், உண்ணும் வேளையும், உழைப்பின் தன்மையும், கடைத்தெருவில் விற்கும் பண்டங்களும் ஒருங்கே மாறியதன் விளைவு அது. ஆகவே பருத்த உடலைக் கண்டு சோம்பல் என்றும் நாவடக்கம் இல்லாமை என்றும் பழிப்பது அறியாமை; பழிக்கப்படுபவர் குழந்தையாகவோ இளம்பெண்ணாகவோ இருக்கும்போது அது கொடுமையும் ஆகும்.

இளைத்த உருவமும் ஏமாற்றும்

உடல் எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்துக்கொண்டு, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறை எண். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெல்ஜிய தேசத்துக் கணித அறிஞர் கெட்லே கண்ட இந்த விகிதத்துக்கு, 1972ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஆன்சல் கீஸ் இன்றைய பெயரை அளித்தார். உலக அளவில் 25க்கு மேற்பட்டதை மிகை எடை என்றும், 30க்கு மேற்பட்டதைப் பருமன் என்றும் கொள்வது வழக்கம். ஆனால் இந்தியர்களுக்கு இந்த எல்லைகள் பொருந்தவில்லை என்பதைக் கண்ட நம் மருத்துவ வல்லுநர்கள், 23ஐத் தாண்டினாலே மிகை எடை என்றும், 25ஐத் தாண்டினால் பருமன் என்றும் வரையறுத்திருக்கிறார்கள்.

இதற்குக் காரணம் உண்டு. புனா நகரத்து மருத்துவ விஞ்ஞானி சித்தரஞ்சன் யாஜ்னிக்கும், ஆங்கிலேயரான ஜான் யுட்கினும் தாங்கள் இருவரும் சேர்ந்து நிற்கும் புகைப்படம் ஒன்றை 2004ஆம் ஆண்டில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இருவருக்கும் உடல் நிறை எண் ஒன்றே: 22.3. ஆனால் ஆங்கிலேயரின் உடலில் கொழுப்பு 9.1 சதவிகிதம்; இந்தியரின் உடலில் 21.2 சதவிகிதம். எடை மேடையில் ஏறி நின்றால் இருவரும் ஆரோக்கியவான்களே. ஆயினும் தசை குறைந்து கொழுப்பு மிகுந்த தேகவாகு நம்மவர்களுக்குப் பிறவியிலேயே அமைந்துவிடுகிறது என்பதும், அந்தக் கொழுப்பு வயிற்றைச் சுற்றித் தங்குவதால் சர்க்கரை நோயும் இருதய நோயும் மேலை நாட்டாரைவிட இளம் வயதிலேயே நம்மைப் பற்றுகின்றன என்பதும் இன்று ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்த செய்திகள்.

ஆதலால் எடை பார்க்கும் கருவியைவிடத் தையற்காரரின் அளவு நாடாவையே நான் பெரிதும் நம்பச் சொல்வேன். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், வயிற்றை உள்ளிழுக்காமல் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேற்பட்டால் கவனம் அவசியம். பார்வைக்கு ஒல்லியாகத் தோன்றி, வயிறு மட்டும் முன்தள்ளியிருக்கும் நம் ஊர் நடுத்தர வயதினர் அனேகர் இந்தக் கணக்கில் வந்துவிடுகிறார்கள்.

மூன்று சுற்றுச் சோறு

‘பருமன் குறைய வேண்டுமானால் சோற்றை விட்டுவிடுங்கள்’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். சொல்பவர்கள், சோறு இந்த நாட்டில் என்னவாக இருந்தது என்பதை எண்ணிப் பார்த்தவர்களாகத் தெரியவில்லை. மானாவாரிப் புன்செய்ப் பிரதேசங்களில் கம்பங்கூழும், கேழ்வரகுக் களியும், சோளச் சோறும் அன்றாட ஆகாரமாக இருந்த நாட்களில், நெல்லுச்சோறு என்பது பொங்கலுக்கும் தீபாவளிக்கும் விருந்தாளிக்கும் உரிய சிறப்புணவு. 1960களில் அரிசிப் பஞ்சம் தமிழ்நாட்டின் அரசியலையே புரட்டிப்போட்டது. 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்னும் வாக்குறுதி எத்தனை லட்சம் ஏழைகளின் மனத்தைத் தொட்டது என்பதை அந்தத் தலைமுறையினர் இன்றும் சொல்வார்கள். பின்னர்க் குறுகிய கால நெல் ரகங்கள் பரவின, பாசனம் பெருகியது, நியாயவிலைக் கடையில் அரிசியின் விலை படிப்படியாக இறங்கி, 2011ஆம் ஆண்டு ஜூன் முதல் விலையில்லாமலே கிடைக்கலாயிற்று. வயிறாரச் சோறு உண்பது, ஒரு காலத்தில் மறுக்கப்பட்ட மனிதர்களுக்குக் கௌரவத்தின் அடையாளமாக இருந்தது, இருப்பதும் நியாயமே. ‘இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கொள்ளப்பா, இவ்வளவு கொஞ்சமாகச் சாப்பிட்டால் உடம்பு என்னத்துக்காகும்’ என்று வற்புறுத்தும் பாட்டியின் குரலுக்குப் பின்னால் ஒரு பசியின் சரித்திரமே இருக்கிறது. அந்தச் சரித்திரத்தை அவமதித்துவிட்டு உணவு மாற்றம் பேசுவது பண்பாகாது, பலனும் தராது.

ஆயினும் கேடு எங்கே புகுந்தது என்பதையும் ஒளிவின்றிச் சொல்ல வேண்டும். ஏர் உழுதும், நாற்று நட்டும், காத தூரம் நடந்தும் செலவழிந்த அரிசியின் சக்தி இன்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே சேமிக்கப்படுகிறது. கைக்குத்தலில் ஓரளவு தங்கியிருந்த தவிடு, ஆலையில் தீட்டித் தீட்டி நீங்கிப்போய், நார்ச்சத்து அற்ற மாவுச்சத்தே எஞ்சுகிறது. இவற்றுக்கு மேலாக, நம் மத்தியான போஜனத்தின் அமைப்பே சோற்றைச் சுற்றி எழுந்தது. குழம்புக்கோ சாம்பாருக்கோ ஒரு சுற்று, ரசத்துக்கு ஒரு சுற்று, மோருக்கோ தயிருக்கோ ஒரு சுற்று என மூன்று முறை சோறு வருகிறது. பொரியலும் கூட்டும் இலையின் மேற்பாதியில் தொட்டுக்கொள்ளும் அளவுக்கே அமர்ந்திருக்கின்றன. நூறு கிராம் அரிசியில் ஏறக்குறைய 350 கலோரி உண்டு. மூன்று சுற்றிலுமாக நூற்றைம்பது கிராம் அரிசி உள்ளே போவது சாதாரணம். காலையில் இட்லி, தோசை, பொங்கல் என்றும், இரவில் மறுபடி தோசை, இடியாப்பம் என்றும் அதே தானியமே வேறு வேறு வடிவில் வருவதைச் சேர்த்தால், நாளின் ஆகாரம் பெரும்பாலும் அரிசியாகவே முடிந்துவிடுகிறது.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட உணவு வழிகாட்டி, நாளொன்றின் மொத்தக் கலோரியில் தானியங்களின் பங்கு 45 சதவிகிதத்துக்கு மேற்படலாகாது என்கிறது. இரண்டாயிரம் கலோரி உண்பவருக்கு அது வகுத்துள்ள அளவு இது: தானியம் 250 கிராம், பருப்பும் பயறும் 85 கிராம், காய்கறியும் கீரையுமாக 400 கிராம், பழம் 100 கிராம், கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், எண்ணெயும் நெய்யுமாக 27 கிராம், பால் 300 மில்லிலிட்டர். எடை குறைக்க விரும்புபவர் இதிலிருந்து தானியத்தையும் எண்ணெயையும் இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, பருப்பையும் காயையும் குறைக்காமல் இருந்தால் போதும். இதில் வியப்புக்குரியது சோற்றின் அளவன்று. பருப்பின் அளவும் காயின் அளவுமே. நம் வீடுகளில் ஓர் ஆள் நாளொன்றுக்கு 400 கிராம் காய் உண்பது கல்யாண விருந்தில்கூட நிகழ்வதில்லை.

ஆகவே முதல் இரண்டு வாரங்களுக்கு ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் யோசனையாகக் கூறுவேன். மூன்று சுற்றுச் சோற்றில் ஒரு சுற்றை விட்டுவிடுங்கள். ரசத்தைத் தம்ளரில் ஊற்றிப் பருகலாம். மோரையும் அவ்வாறே பெருங்காயமும் கறிவேப்பிலையும் சேர்த்துக் கடைசியில் குடிக்கலாம். விட்ட சோற்றின் இடத்தைப் பொரியலும் கூட்டும் நிரப்பட்டும். அதாவது சோற்றைக் குறைப்பதற்கு முன் காயைக் கூட்டுங்கள். வயிறு வெறுமையாக இருக்கும்போது செய்த சங்கல்பம் எதுவும் நிற்பதில்லை. அவரைக்காயும், புடலங்காயும், முட்டைக்கோசும், முருங்கைக்கீரையும் வயிற்றை நிறைத்த பிறகு, ஒரு கரண்டிச் சோறு குறைந்ததை உடல் பெரிதுபடுத்துவதில்லை. தேங்காயை மட்டும் வாசனைக்குரிய அளவில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

உண்ணும் வரிசையையும் சற்று மாற்றலாம். நியூயார்க்கில் உள்ள வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியினர் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வில், சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரே உணவை இரு வேறு வரிசையில் அளித்துப் பார்த்தார்கள். ஒரு நாள் ரொட்டியையும் பழச்சாற்றையும் முதலில் கொடுத்துக் காயையும் கோழிக்கறியையும் பின்னர்க் கொடுத்தார்கள். மற்றொரு நாள் காயும் கறியும் முந்தி வந்தன. பிந்திய முறையில் இரத்தச் சர்க்கரையின் ஏற்றம் வெகுவாகத் தணிந்திருந்தது. பங்கு கொண்டவர்கள் பதினொருவரே ஆனாலும், நார்ச்சத்தும் புரதமும் முன்னே சென்றால் மாவுச்சத்து மெல்ல ஜீரணமாகும் என்னும் உடலியல் உண்மைக்கு அது இசைவானதே. இலையில் வைத்த பொரியலில் பாதியைச் சோற்றில் கை வைக்கும் முன்பே உண்டுவிடுவதற்கு ஒரு பைசாவும் செலவில்லை.

சிறுதானியத்தைப் பற்றி இங்கே ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. சாமையும் தினையும் வரகும் குதிரைவாலியும் நம் முன்னோர் உண்ட நற்பொருள்கள். அவற்றில் நார்ச்சத்தும் தாதுக்களும் தீட்டிய அரிசியைவிட மிகுதி. ஆனால் கலோரிக் கணக்கில் அவை அரிசிக்கு ஏறக்குறைய ஈடானவையே. சாமைப் பொங்கலை நெய் ஒழுக இரண்டு தட்டு உண்டுவிட்டு எடை குறையவில்லையே என்று வருந்துபவர்கள் பொருளை மாற்றினார்களே அன்றி அளவை மாற்றவில்லை. மேலும், இன்று கடைகளில் விற்கும் சிறுதானியம் அனேகமாக நன்கு தீட்டப்பட்டு வெள்ளை வெளேரென்று இருக்கிறது. வாங்கும்போது உமி மட்டும் நீங்கி, தவிடு தங்கியதைக் கேட்டு வாங்குவது நல்லது.

புரதமே நம் உணவின் பெருங்குறை. நீர்த்த சாம்பாரில் ஓர் ஆளுக்கு விழும் பருப்பு ஒரு கைப்பிடியும் தேறாது. முட்டை ஒன்றில் ஆறு கிராம் அளவுக்குப் புரதம் உண்டு. நூறு கிராம் துவரம்பருப்பில் இருபது கிராமுக்கு மேல் உண்டு. மாமிசம் உண்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை பிரியாணியில் ஒரேயடியாக உண்பதை விட்டு, மத்தி மீன் குழம்பையோ வேகவைத்த முட்டையையோ வாரம் முழுவதும் பங்கிட்டுக்கொள்ளலாம். சைவ போஜனக்காரர்களுக்குச் சுண்டலைவிடச் சிறந்த துணை இல்லை. நவராத்திரியின் ஒன்பது நாட்களும் கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, காராமணி, மொச்சை என்று நாளுக்கொரு சுண்டலாக வீடுதோறும் வழங்கிய நம் மரபு, ஆண்டின் ஏனைய நாட்களில் அதை மறந்துவிட்டு மாலை நான்கு மணிக்குப் பஜ்ஜியையும் மிக்சரையும் நாடியது துரதிருஷ்டமே. அந்த நான்கு மணிப் பசியே பெரும்பாலோருடைய பிரயத்தனத்தைக் கெடுக்கிறது. காலையில் ஒன்றும் உண்ணாமல், மத்தியானத்தில் அரைவயிறு உண்டு, மாலையில் பொறுக்க முடியாமல் எண்ணெய்ப் பலகாரத்தின்மீது விழுவதைவிட, நான்கு மணிக்குரிய ஒரு கிண்ணச் சுண்டலை முந்தின இரவே ஊறவைத்து, காலையில் வேகவைத்து எடுத்துச் செல்வது உத்தமம்.

காப்பியையும் தேநீரையும் விடச் சொல்ல மாட்டேன். அவற்றில் கரையும் சர்க்கரையையே கணக்கிடச் சொல்வேன். தம்ளருக்கு இரண்டு கரண்டி என்றால் எட்டு முதல் பத்து கிராம். மூன்று வேளை குடிப்பவருக்கு, தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நாள் முழுவதற்கும் அனுமதிக்கும் 25 கிராம் காப்பியிலேயே தீர்ந்துவிடுகிறது. வெல்லமும், பனங்கற்கண்டும், தேனும் இந்தக் கணக்கில் சர்க்கரையின் உடன்பிறப்புகளே. ஒரே நாளில் நிறுத்தினால் நாக்கு கலகம் செய்யும். வாரத்துக்குக் கால் கரண்டியாகக் குறைத்துவந்தால், சில வாரங்களில் பழைய இனிப்பே திகட்டத் தொடங்கும்.

முதல் மாதத்தில் உடல் செய்வது

உணவை மாற்றிய முதல் வாரத்தில் எடை மளமளவென்று இறங்குகிறது; இரண்டு கிலோ குறைந்துவிட்டது என்று வீடே மகிழ்கிறது. மூன்றாம் வாரத்தில் முள் அசைய மறுக்கிறது. அந்த அதிருப்தியில்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். இதன் காரணம் முன்கூட்டியே தெரிந்திருந்தால் மனம் இவ்வளவு தளராது. நம் தசைகளிலும் கல்லீரலிலும் கிளைகோஜன் என்னும் மாச்சத்து ஏறக்குறைய அரைக் கிலோ சேமிப்பாக இருக்கிறது; அதன் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்கு நீரைத் தன்னோடு பிடித்துவைத்திருக்கிறது. ஆகாரம் குறைந்ததும் உடல் முதலில் செலவழிப்பது இந்தச் சேமிப்பை. அதோடு நீரும் வெளியேறுகிறது. முதல் வாரத்து வெற்றி பெரும்பகுதி நீரின் இழப்பே. கொழுப்பு இவ்வளவு விரைவில் கரைவதில்லை. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி அடங்கியிருப்பதால், நாளொன்றுக்கு 500 கலோரி குறைத்து உண்பவருக்கு ஒரு கிலோ கரையப் பதினைந்து நாட்களாகும். மாதத்துக்கு இரண்டு கிலோ என்பது மந்தமான முன்னேற்றம் அன்று. அதுவே நியாயமான கதி. எண்பது கிலோ எடையுள்ளவர் நான்கு கிலோ, அதாவது ஐந்து சதவிகிதம் குறைத்தாலே இரத்தச் சர்க்கரையிலும் இரத்த அழுத்தத்திலும் நற்பயன் தெரியத் தொடங்கிவிடுகிறது.

கடும் பட்டினி மனிதனை என்ன செய்யும் என்பதற்கு ஒரு சாட்சியம் உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தின் இறுதியில், 1944-45ஆம் ஆண்டுகளில், போரிட மறுத்த இளைஞர்கள் முப்பத்தாறு பேர் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் தாமாக முன்வந்து ஒரு சோதனைக்கு உட்பட்டார்கள். முன்பு சொன்ன ஆன்சல் கீஸ்தான் அதை நடத்தியவர். ஆறு மாத காலம் அரைப்பட்டினி. தங்கள் எடையில் கால்பங்கை இழக்கும் வரை. திடகாத்திரமும் உயர்ந்த கொள்கைப்பற்றும் கொண்ட அந்த இளைஞர்கள், உணவைத் தவிர வேறொன்றையும் நினைக்க முடியாதவர்களாகி, சமையற் புத்தகங்களைத் தேடித் தேடிப் படித்தார்கள். எரிச்சலுக்கும் மனத்தளர்ச்சிக்கும் ஆளானார்கள். கட்டுப்பாடு நீங்கியதும் வயிறு நிரம்பிய பின்பும் உண்டுகொண்டே இருந்தார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் சுரப்பு 1999ஆம் ஆண்டிலும், கொழுப்பின் இருப்பை மூளைக்கு அறிவிக்கும் லெப்டின் என்பது 1994ஆம் ஆண்டிலும் கண்டறியப்பட்ட பிறகு, அவர்களுடைய நடத்தைக்குக் காரணம் மனத்தின் பலவீனம் அன்று, தேகத்தின் தற்காப்பு என்பது விளங்கிற்று. இரவு உணவைத் துறந்து பத்தாம் நாள் நடுநிசியில் சமையற்கட்டில் தேடி உண்பவரை இனி யாரும் இகழலாகாது.

2025ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சந்தைக்கு எடைக் குறைப்புக்கென வந்துள்ள டிர்செபடைடு, செமாகுளுடைடு ஆகிய ஊசி மருந்துகள் இந்தப் பசியின் சமிக்ஞைகளையே தணிக்கின்றன. அவை சிலருக்கு மெய்யாகவே தேவைப்படும். அதை வைத்தியர் தீர்மானிக்கட்டும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு எடை திரும்புகிறது என்பதால், ஊசி போட்டுக்கொள்பவரும் இலையை ஒழுங்குபடுத்தியே ஆக வேண்டும்.

சிலர் இந்தப் பிரயத்தனத்தையே வைத்தியரின் மேற்பார்வையின்றித் தொடங்கலாகாது. இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரைகளில் சிலவற்றை உட்கொள்பவர்களும் ஆகாரத்தை மட்டும் குறைத்து மருந்தைக் குறைக்காமல் இருந்தால், இரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கி மயக்கம் நேரலாம். கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மார்களும், வளரும் பிள்ளைகளும் எடைக்காக உணவைக் குறைக்கவே கூடாது. அறுபதைக் கடந்தவர்கள் கொழுப்போடு தசையையும் இழந்துவிடும் ஆபத்து இருப்பதால், போதிய புரதமும், கைகால் தசைகளுக்கு வேலை தரும் அப்பியாசமும் இல்லாமல் இளைப்பது அவர்களுக்கு லாபமன்று, நஷ்டமே.

சமையற்கட்டின் பாரம்

வீட்டில் ஒருவர் எடை குறைக்கத் தொடங்கினால் அவருக்கென்று தனி அடுப்பு எரிகிறது. கணவருக்கு எண்ணெயில்லாத சப்பாத்தி, பிள்ளைகளுக்குப் பூரிக்கிழங்கு, மாமியாருக்குக் குழைந்த சாதம் என்று மூன்று விதமாகச் சமைத்து முடித்துவிட்டு, எல்லோரும் உண்ட பின் மீந்ததை வீணாக்க மனமில்லாமல் தாமே உண்டு தீர்க்கும் பெண்மணி, தம் எடையைப் பற்றி யாரிடம் முறையிடுவார்? பெண்களின் விகிதமே 40ஐத் தாண்டியிருக்கிறது என்பதை முன்னரே கண்டோம். அவர்களுடைய பருமனில் ஒரு பங்கு, நேரந்தவறிய உணவாலும், மிச்சத்தைச் சுமக்கும் கடமையாலும், நடப்பதற்கு ஓர் அரைமணி நேரம் தமக்கென்று கிடைக்காமையாலும் வந்தது என்பதே நான் கண்ட உண்மை. ஆகவே ஒருவருக்கெனத் தனிப்பத்தியம் சமைக்கும் முறையை நான் அறவே ஆட்சேபிக்கிறேன். கீரையும், சுண்டலும், எண்ணெய் குறைந்த பொரியலும் எல்லோருக்கும் பொதுவாக ஆகட்டும். பிள்ளைகளுக்குச் சோறோ பாலோ கூடுதலாக வைத்தால் ஆயிற்று. காய் நறுக்குவதையும் பயறு ஊறவைப்பதையும் ஆண்கள் ஏற்றுக்கொள்ளட்டும். மீந்த உணவைக் குளிர்பெட்டியில் வைக்கவோ அளவாகச் சமைக்கவோ கற்றுக்கொள்வதும் இந்தப் பிரயத்தனத்தின் அங்கமே.

பொருளாதாரத்தையும் மறக்கலாகாது. விலையில்லா அரிசி கிடைக்கும் வீட்டில் காயும் முட்டையும் பயறும் காசு கொடுத்தே வாங்க வேண்டியவை; அங்கே சோறு மிகுதியாக உண்ணப்படுவது விருப்பத்தால் அன்று, விலையால். நியாயவிலைக் கடையில் கிலோ 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பு வழங்கப்படுவது பெரிய உதவி. 2023ஆம் ஆண்டில் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு வழங்கத் தொடங்கியதும் நல்ல ஆரம்பம். பருப்பின் அளவைக் கூட்டி, கொண்டைக்கடலையையும் பச்சைப்பயறையும் அந்தக் கடைகளிலேயே மலிவாக அளிப்பதற்கு அரசாங்கம் முன்வருமானால், எத்தனையோ பிரசார விளம்பரங்கள் செய்ய முடியாததை அது செய்து முடிக்கும்.

எடை இறங்கவில்லையே என்று சோர்பவர்களுக்குச் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு ஆறுதல் தரும். மருத்துவர் அ. ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்றாண்டுக் காலம் கவனித்து, 2006ஆம் ஆண்டில் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். உணவு மாற்றமும் நடையும் பயிற்றப்படாதவர்களில் 55 சதவிகிதத்தினருக்கு நோய் வந்தது. அவை பயிற்றப்பட்டவர்களில் 39.3 சதவிகிதத்தினருக்கே வந்தது. இதில் குறிப்பிடத்தக்க செய்தி, பயிற்றப்பட்டவர்களின் சராசரி எடை பெரிதாகக் குறையவே இல்லை என்பது. தராசு மௌனமாக இருந்தபோதும் இரத்தமும் தசையும் நன்மை பெற்றுக்கொண்டிருந்தன. பழக்கம் வேரூன்றவும் காலம் வேண்டும்: 2009ஆம் ஆண்டில் வெளியான லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வொன்றில், ஒரு புதிய பழக்கம் தன்னியல்பாக மாறுவதற்கு நடுவளவில் 66 நாட்கள் ஆயின, சிலருக்குப் பதினெட்டே நாட்கள், சிலருக்கு 254 நாட்கள் என்ற கணக்கும் அதில் உண்டு. கல்யாணத்திலோ திருவிழாவிலோ ஒரு நாள் நியமம் தவறியதனால் பழக்கம் குலைந்துவிடுவதில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டிற்று.

வாசகர்கள் அடுத்த மாத மளிகைப் பட்டியலை எழுத உட்காரும்போது, குடும்பத்தார் எல்லோரையும் உடன் அமர்த்திக்கொள்ள வேண்டுகிறேன். மேற்சொன்ன அளவுகளின்படி, பெரியவர்கள் நால்வர் உள்ள வீட்டுக்கு மாதமொன்றுக்கு அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்ந்து முப்பது கிலோவும், பருப்பும் பயறும் பத்துக் கிலோவும், எண்ணெயும் நெய்யுமாக மூன்றரை லிட்டரும், சர்க்கரையும் வெல்லமுமாக மூன்று கிலோவுக்கு உட்பட்டும் போதுமானவை. சென்ற மாதம் வாங்கியதை இதனருகில் எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். எண்ணெய் மிகுந்திருந்தால் இந்த மாதம் ஒரு லிட்டரைக் குறையுங்கள். பருப்பு குறைந்திருந்தால் இரண்டு கிலோவைக் கூட்டுங்கள். மற்றவற்றை அதற்கடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.